பட்டறைப் பக்கம்: ஜீப்புக்கு எந்த பிரேக் ஆயில்?

கேள்வி: எங்களிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. வார நாட்களில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போவோம். குற்றாலம் சீசன் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள், சூரியகாந்தி பார்க்க வருகிற விருந்தாளிகள் என்று ஆள் ஏற்றுவதுதான் அதற்கு வேலை. போன மாதம் ஏழு பேருடன் பாலருவிக்குப் போய்விட்டு ஆரியங்காவிலிருந்து திரும்பினோம். புளியரை இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சில் மிதித்த மாதிரி உள்ளே போய்விட்டது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்த பிறகு கொஞ்சம் பிடித்தது. எப்படியோ ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காதது போல பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பட்டறையில் காட்டினால் ஒழுக்கு எங்கும் இல்லை, பிரேக் ஆயிலை மாற்றுங்கள் என்கிறார்கள். கடையில் டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1 என்று நான்கு வகை அடுக்கியிருக்கிறார்கள். எண் கூடக்கூட தரம் கூடும் என்கிறார் கடைக்காரர். எங்கள் டிராக்டரும் ஆயில் பிரேக்தான், அதற்கு வாங்கிய ஆயிலில் ஐந்து லிட்டர் மீதம் இருக்கிறது, அதையே ஊற்றினால் என்ன என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?

- ஒரு வாசகர், சுந்தரபாண்டியபுரம்

பதில்: முதலில் உங்கள் மைத்துனரைத் தடுத்து நிறுத்துங்கள். மீதி எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம். அந்த டிராக்டர் ஆயில் ஒரு தேக்கரண்டி ஜீப்பின் பிரேக் டப்பாவுக்குள் போனாலும் செலவு ஆயிரக்கணக்கில் போய்விடும். செலவோடு போனால் அதிர்ஷ்டம்.

இந்தக் குழப்பத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பெயர்தான் காரணம். டிராக்டரில் நாம் ‘ஆயில் பிரேக்’ என்று சொல்வது எண்ணெயில் மூழ்கியிருக்கும் பிரேக்கை. பிரேக் தட்டுகள் பின் அச்சுக்கூட்டுக்குள், கியர் ஓடும் அதே எண்ணெயில் நனைந்தபடி சுழல்கின்றன. அந்த எண்ணெய்க்குத் தட்டுகளைக் குளிர்விப்பதும், கியரை வழவழப்பாக வைப்பதும், ஹைட்ராலிக் லிஃப்டைத் தூக்குவதும்தான் வேலை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் பெடலை மிதித்தால் கம்பியும் நெம்புகோலும்தான் தட்டை அழுத்துகின்றன. மிதிக்கிற விசையை எண்ணெய் சுமந்து செல்வதில்லை.

ஜீப்பில் கதை வேறு. ஜீப், குட்டியானை, வேன், கார் எல்லாவற்றிலும் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் இருப்பது திரவம் மட்டும்தான். நீங்கள் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் அந்தத் திரவத்தைத் தள்ளுகிறது. குழாய் வழியாக அழுத்தம் போய், வீல் சிலிண்டரில் உள்ள பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. லைனிங் டிரம்மில் உரசுகிறது. திரவம் அமுங்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிறோம்.

டிராக்டர் ஆயில் மண்ணிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் தயாராவது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயே இல்லை. கிளைக்கால் என்ற ரசாயன வகையைச் சேர்ந்த திரவம் அது. ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டரிலும் உள்ள ரப்பர் கப்புகள் இந்தத் திரவத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அவற்றின் மேல் இன்ஜின் ஆயிலோ, ஹைட்ராலிக் ஆயிலோ, பவர் ஸ்டீயரிங் ஆயிலோ பட்டால் ஊறி உப்பிவிடும். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. பிறகு பெடல் கல்லாட்டம் இறுகும். உப்பிய ரப்பர், திரவம் திரும்பி வருகிற சிறு துளையை அடைத்துக்கொள்ளும். காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது. சக்கரம் சூடாகும், லைனிங் கருகும், கடைசியில் ரப்பர் கிழிந்து அழுத்தமே இல்லாமல் போகும்.

இப்படி ஒரு வண்டியை நானே பிரித்திருக்கிறேன். அவசரத்துக்கு யாரோ கால் டம்ளர் இன்ஜின் ஆயில் ஊற்றியிருந்தார்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எடுத்த கப், புதுக் கப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணனும் தம்பியும் போல இருந்தது. நான்கு சக்கரத்தின் ரப்பர் செட், மாஸ்டர் சிலிண்டர் செட், ஹோஸ் குழாய்கள் அத்தனையும் மாற்ற வேண்டியதாயிற்று. இரும்புக் குழாயை ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காயவைத்து, பிறகு புது பிரேக் ஆயில் விட்டு அலசினோம். உங்கள் வண்டியில் யாராவது ஏற்கெனவே இப்படிச் செய்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். டப்பாவிலிருந்து சில சொட்டுகளை எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். சரியான பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து கரைந்துவிடும். எண்ணெய் கலந்திருந்தால் மேலே படலம் மிதக்கும். மிதந்தால் வண்டியை எடுக்காதீர்கள், பட்டறைக்காரரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.

இனி உங்கள் இறக்கத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன அறிகுறியில் இரண்டு துப்பு இருக்கின்றன. சூடாக இருந்தபோது பெடல் உள்ளே போனது, ஆறியபின் சரியானது. ஒழுக்கும் இல்லை. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

பிரேக் பிடிப்பது என்றால் வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுவது. இறக்கத்தில் எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து ஜீப் 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் 200 மீட்டர் இறங்குகிறது. முழுக்க முழுக்க பிரேக்கிலேயே இறங்கினால் பிறக்கும் சூடு, 12 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு பெரிய பானைத் தண்ணீர். அத்தனையும் நான்கு டிரம்களில் இறங்குகிறது. அதில் ஒரு பங்கு லைனிங் வழியாக வீல் சிலிண்டரையும் அதற்குள் இருக்கிற கொஞ்சம் திரவத்தையும் எட்டுகிறது.

புது பிரேக் ஆயில் இந்தச் சூட்டைத் தாங்கும். சிக்கல் தண்ணீரால் வருகிறது. கிளைக்கால் திரவத்துக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு, மழைக்காலத்தில் உப்பு கசிவது போல. டப்பா மூடியின் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மெல்ல மெல்ல ஈரம் ஏறும். ஈரம் ஏறஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். கொதித்தால் ஆவிக் குமிழ். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விட்டது. அதுதான் அந்தப் பஞ்சு. ஓரங்கட்டி நின்ற அரை மணி நேரத்தில் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது, பெடல் திரும்பிவிட்டது. வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்து அடுத்த வாரம் மறுபடி ஆளேற்றிக்கொண்டு போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் எழுதிக் கேட்டது நல்லதாயிற்று.

பெடல் இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு, கலந்துவிடக்கூடாது. வண்டி நின்றிருக்கும்போது, இன்ஜின் ஆறியிருக்கும்போது, பெடலை அழுத்திப் பிடித்தால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா? ஒழுக்கு வெளியே தெரியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எப்போதும், சூடில்லாதபோதும், பஞ்சு போல இருக்கிறதா? குழாயில் காற்று இருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லையா? லைனிங் கருகிப் பளபளத்திருக்கும், அல்லது பூஸ்டர் உள்ள வண்டியில் பூஸ்டர் போயிருக்கும். இவை மூன்றுக்கும் பிரேக் ஆயில் மாற்றுவது மருந்தாகாது.

இப்போது கடைக்காரரின் எண் கணக்கு. டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர். அவர்கள் வகுத்த தரத்தை உலகமே பின்பற்றுகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் குறைந்தபட்சம் இத்தனை டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்று இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று சீல் உடைக்காத புதுத் திரவத்துக்கு, மற்றொன்று 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய திரவத்துக்கு. டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140. டாட் 4 புதிதில் 230, ஈரம் ஏறியபின் 155. டாட் 5.1 புதிதில் 260, ஈரத்தில் 180. டாட் 5க்கும் இதே 260, 180 தான்.

இந்த எண்களை இன்னொரு தடவை படியுங்கள். சீல் உடைத்த புது டாட் 3 கொதிப்பது 205இல். இரண்டு மூன்று வருடம் வண்டியில் கிடந்து ஈரம் குடித்த டாட் 4 கொதிப்பது 155இல். புது டாட் 3 தான் கெட்டிக்காரன். எந்த எண் என்பதைவிட எப்போது மாற்றினோம் என்பதுதான் உங்கள் உயிரைக் காக்கிறது. போன மாதம் உங்கள் வண்டியில் கொதித்தது டாட் 3 ஆகவும் இருந்திருக்கலாம், டாட் 4 ஆகவும் இருந்திருக்கலாம். கடைசியாக எந்த வருடம் மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது. டிராக்டருக்கு இன்ஜின் ஆயில் மாற்றிய மணிக்கணக்கைச் சுவரில் எழுதி வைக்கிறவர்கள்கூட பிரேக் ஆயிலை, குறைந்தால் ஊற்றுகிற பொருளாகவே நினைக்கிறார்கள்.

கடைக்காரர் சொன்னதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எண் வரிசையில் டாட் 5 என்பது தனிச் சாதி. மற்ற மூன்றும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று கலந்தாலும் கெடுதல் இல்லை. டாட் 5 சிலிக்கோன். பெரும்பாலும் ஊதா நிறத்தில் இருக்கும். அது தண்ணீரை இழுக்காது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே வந்த தண்ணீர் எங்கே போகும்? கலக்க வழியில்லாமல் குழாயின் தாழ்வான இடத்தில், வீல் சிலிண்டரில், தனியாகத் தேங்கி நிற்கும். துருப்பிடிக்க வைக்கும். சூடேறினால் அந்தத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியதுமே கொதிக்கத் தொடங்கிவிடும். சிலிக்கோனில் காற்றுக் குமிழ்களும் எளிதில் தங்கும். பழைய திரவத்தோடு அது சேரவும் சேராது. ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளுக்கு அறவே ஆகாது. வருடக்கணக்கில் நிறுத்தி வைத்து அழகு பார்க்கிற பழைய கார்களுக்கு அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். காய்கறியும் ஆளும் ஏற்றுகிற ஜீப்புக்கு வேண்டாம். 5 என்றும் 5.1 என்றும் ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டு எதிரெதிர் பொருட்களுக்குப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல! வாங்கும்போது டின்னில் ‘சிலிக்கோன்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு என் யோசனை: டாட் 4. டப்பா மூடியில் டாட் 3 என்று அச்சிட்டிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம். மூடியில் டாட் 4 என்று இருந்தால் டாட் 3க்கு இறங்காதீர்கள். மலையிறக்கத்துக்கு அந்த 25 டிகிரி கூடுதல் இடைவெளி பயன்படும், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. டாட் 5.1 உங்கள் வண்டிக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் அந்தப் பணத்தை அடுத்த வருடம் மறுபடி டாட் 4 வாங்க வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். சாரலில் நனைந்துகொண்டு மலையேறி இறங்குகிற வண்டி என்றால் வருடம் ஒருமுறை நல்லது. வைகாசியில், சீசன் தொடங்கும் முன்னால், வெயில் அடிக்கிற ஒரு நாளில் செய்துவிடுங்கள். சாரல் பெய்யும்போது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டாம்.

மாற்றுவது என்றால் டப்பாவில் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது கிடையாது. அவசரத்தில் பல இடங்களில் அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். கொதித்த திரவம் இருப்பது சக்கரத்தின் பக்கம். அது அங்கேயே இருக்கும். பழைய திரவத்தை நான்கு சக்கர நிப்பிள் வழியாகவும் வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள நம் வண்டிகளில் அது பெரும்பாலும் இடது பின் சக்கரம். பிறகு வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, திரவம் வந்ததும் மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துவிடும். கறுப்பாகவோ பழுப்பாகவோ வருவது தெளிவாகும் வரை, குமிழ் நிற்கும் வரை தொடருங்கள். நடுவில் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு லிட்டர் கையில் இருந்தால் போதுமானது. நிப்பிள் துருவேறி இறுகியிருந்தால் பலம் காட்டி உடைக்காதீர்கள், பட்டறையில் விடுங்கள். கிளட்சும் திரவத்தால் இயங்குகிற வண்டி என்றால் அதிலும் இதே திரவம்தான், அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ரப்பர் பாகங்களைக் கழுவ பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் கூடாது. முன்னே சொன்ன அதே உப்பல் வரும். பிரேக் ஆயிலிலேயே கழுவலாம்.

உங்கள் வண்டி பழையது என்பதால் ஒன்று கேட்டுப் பாருங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம், எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கும் போய்விடும். பிற்கால வண்டிகளில் இரண்டு சுற்று வந்துவிட்டது. ஒன்று போனால் மற்றொன்று அரைகுறையாகவாவது நிறுத்தும். உங்களுடையது ஒரே சுற்று என்றால் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று ஆயில் மாற்றுகிற அன்றே பார்த்து மாற்றிவிடுங்கள். ஆள் ஏற்றுகிற வண்டியில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இறங்கும் முறையும் உண்டு. புளியரை எஸ் வளைவு எப்படிப்பட்ட இடம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி அங்கே கவிழ்ந்து கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்ததும், ஓட்டுநர் இறந்துபோனதும், பக்கத்தில் குடியிருக்கும் வயதான தம்பதி நள்ளிரவில் டார்ச் அடித்துக்கொண்டே தண்டவாளத்தில் ஓடி ரயிலை நிறுத்தியதும், முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்ததும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரி சாலையில் சக்கரப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது வீண் துணிச்சல்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய டிரைவர் அண்ணாச்சிகள் சொல்வது சரியான கணக்கு. இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பானைத் தண்ணீர்ச் சூட்டில் பெரும் பங்கு ரேடியேட்டர் பக்கமும் சைலன்சர் பக்கமும் போய்விடும். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். டிரம் ஆற இடைவெளி கிடைக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் இன்னும் நம் ஊரில் நடக்கிறது. எத்தனை ரூபாய் மிச்சமாகிறது என்று நீங்களே சொல்லுங்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜினை அணைத்தால் நான்கைந்து மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும்.

மறுபடி எப்போதாவது பெடல் உள்ளே போனால், போன மாதம் செய்தது போலவே பெடலைப் பலமுறை வேகமாக அடித்து மிதியுங்கள். உடனே ஒரு கியர் குறையுங்கள், வேகம் தணிந்ததும் இன்னொன்று. கை பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நின்ற பிறகு சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ரோஜா’ படத்திலிருந்து உங்கள் ஊருக்கு ஆள் வரத்துக்குக் குறைவில்லை, ஆடி ஆவணியில் சூரியகாந்தி பூத்தால் கேரள வண்டிகள் வரப்பு ஓரம் வரிசையாக நிற்கின்றன. விருந்தாளிகளிடம் வாடகை வாங்கிக்கொண்டு சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த வண்டியில் ஏற்றினால் பெர்மிட் பிரச்சினை வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் காட்டியே கையை விரிக்கப் பார்க்கும். வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் முறைப்படி பதிவை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்த பிறகு, படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்று வாங்கி வயலோரம் நிறுத்தி வாடகைக்கு விடலாமா என்று வேறு சிலரும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தொழில் கணக்கை இன்னொரு இதழில் பார்ப்போம். பிரேக்கைப் பொறுத்தவரை இதே விதிதான். வேன் அளவிலான வண்டிகளில் திரவ பிரேக் இருக்கும். தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கட்டில் என்று எடை நிரந்தரமாகக் கூடுவதால் பிரேக் ஆயில் விஷயத்தில் ஜீப்பைவிடக் கண்டிப்பு வேண்டும். பெரிய பஸ் அளவு வண்டி என்றால் காற்று பிரேக், அதில் பிரேக் ஆயிலே கிடையாது. மாதக்கணக்கில் நிற்கிற வண்டி ஓடவே இல்லையே, ஆயில் எதற்கு மாற்ற என்று கேட்காதீர்கள். ஈரம் கிலோமீட்டர் பார்த்து ஏறுவதில்லை.

கேள்வி: டிராக்டரில் பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கமாக இழுக்கிறது. இதுவும் ஆயில் பிரேக்தான். ஆயில் மாற்றினால் சரியாகுமா?

- ஒரு வாசகர், ஆலங்குளம்

பதில்: முதலில் இரண்டு பெடல்களையும் இணைக்கும் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வயலில் திருப்புவதற்காகக் கழற்றி விட்டுவிட்டு அப்படியே ரோட்டுக்கு வருகிறவர்கள் அதிகம். ரோட்டில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், அதுவும் டிரெய்லரோடு, வண்டி குப்புறக் கவிழும். கொக்கி மாட்டியும் இழுத்தால் இரண்டு பெடலின் விளையாட்டு அளவும் ஒன்றாக இல்லை என்று பொருள். கையேட்டில் உள்ள அளவுக்கு இரண்டு பக்கக் கம்பியையும் முறுக்கிச் சமமாக்க வேண்டும். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் தட்டு தேய்ந்திருக்கும். ஆயிலைப் பொறுத்தவரை, எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்கு என்றே கம்பெனி சொல்லும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று சாதா கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது அலறும், தட்டு வழுக்கும். டின்னில் வருகிற டாட் பிரேக் ஆயிலையும் அதில் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் மாற்றிய பிறகு மீதியைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி மாட்டுக்கொட்டகை மாடத்தில் வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். அடுத்த வருடம் ஊற்றலாமாம். வண்டியிலிருந்து இறக்கிய பழையதைக் கறையானுக்கு ஊற்றலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

- ஒரு வாசகி, கடையம்

பதில்: அந்தப் பாட்டிலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அம்மா. தெளிந்த, லேசான மஞ்சள் நிறத்தில் பழரசம் போல இருக்கும் அது விஷம். கிளைக்கால் வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளைகள் பாட்டிலின் லேபிளைப் பார்த்துத்தான் வாயில் வைப்பார்கள். ஆடு, நாய் நக்கினாலும் ஆபத்து. தெரியாமல் யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பிரேக் ஆயில் டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சீல் உடைத்த பிரேக் ஆயில் அடுத்த வருடத்துக்கு ஆகாது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் திறந்தபோது உள்ளே போன ஈரம் போனதுதான். பெரிய டின் மலிவு என்று வாங்காமல், வேலைக்கு வேண்டிய அளவு சின்ன டின்களாக வாங்கச் சொல்லுங்கள். கறையானுக்கும் ஊற்ற வேண்டாம். அது தண்ணீரில் கரைவது, முதல் மழையிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடும், கறையான் அங்கேயே இருக்கும். கிணற்று மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் கொட்டக்கூடாது. பட்டறையில் கழிவு ஆயில் சேர்க்கிறவர்களிடம், இது பிரேக் ஆயில் என்று சொல்லித் தனியாகக் கொடுத்துவிடலாம். வண்டியின் பெயின்ட்டில் எங்காவது சிந்தியிருந்தால் துணியால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். தேய்த்தால் பெயின்ட் துணியோடு வந்துவிடும்.